யார் வைத்த வடிகட்டி? லினக்ஸ் பிரிட்ஜும் பிஆர்-நெட்ஃபில்டரும்

ஒரு சோதனை மெஷினில் செய்து பார்த்த சின்ன விஷயத்திலிருந்து ஆரம்பிக்கிறேன். ஒரு லினக்ஸ் பிரிட்ஜ். அதில் செருகிய இரண்டு வீத் கம்பிகள். ஒவ்வொரு கம்பியின் மறுமுனையும் தனித்தனி நெட்வொர்க் நேம்ஸ்பேஸில். ஒன்றுக்கு 10.9.0.1, இன்னொன்றுக்கு 10.9.0.2. ஒன்றிலிருந்து மற்றதுக்கு பிங் விட்டேன், போகுது. இப்போது ஹோஸ்ட்டில் ஐபிடேபிள்ஸின் ஃபார்வர்ட் சங்கிலியின் அடிப்படைக் கொள்கையை 'டிராப்' என்று மாற்றினேன். பிங் அசரவில்லை. அது அப்படித்தான் இருக்கணும். பிரிட்ஜ் வழியாகப் போகிற பாக்கெட்டுக்கும் ஐபி ரவுட்டிங்குக்கும் சம்பந்தம் கிடையாது.

பிங் ஓடிக்கொண்டே இருக்கும்போது இன்னொரு ஜன்னலில் பிஆர்-நெட்ஃபில்டர் என்ற கெர்னல் மாட்யூலை ஏற்றினேன். அவ்வளவுதான், பிங் நின்றுவிட்டது. மாட்யூலை இறக்கினால் மறுபடி போகுது. ஏற்றினால் நிற்குது.

இதில் எங்கேயும் நான் புதிதாக ஒரு விதி எழுதவில்லை. பிங் ஓடியபோதும் நின்றபோதும் விதிப் பட்டியலை ஒரு கோப்பில் எடுத்து வைத்து இரண்டையும் ஒப்பிட்டால், எண்ணிக்கை மட்டும் ஏறியிருக்கும், விதிகள் அச்சுப் பிசகாமல் ஒன்றுதான். இதுதான் என் விமர்சனத்துக்கு மூலம். ஒரு ஃபயர்வாலின் நடத்தை அதன் விதிகளைப் படித்துத் தெரிந்துகொள்ளக்கூடியதாக இருக்க வேண்டும். இங்கே அது விதிகளுக்கு வெளியே, வேறு யாரோ ஏற்றிவிட்டுப் போகும் ஒரு மாட்யூலில் இருக்கிறது.

பிரிட்ஜ் என்றால் என்னன்னு தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. வீட்டிலோ ஆபீஸிலோ இருக்கும் நெட்வொர்க் ஸ்விட்ச் செய்கிற வேலையை மென்பொருளில் செய்தால் அது பிரிட்ஜ். எந்த மேக் முகவரி எந்தப் போர்ட்டில் இருக்கிறது என்று கற்றுக்கொள்ளும், வருகிற ஃப்ரேமை அந்தப் போர்ட்டுக்குத் தள்ளும், தெரியாவிட்டால் எல்லாப் போர்ட்டுக்கும் தள்ளும். தபால்காரர் கவரின் மேல் இருக்கிற விலாசத்தை மட்டும் பார்க்கிற மாதிரி. உள்ளே இருப்பது ஐபியா, ஏஆர்பியா, வேறு ஏதாவதா என்பது அதற்கு வேண்டாத விஷயம். ரவுட்டர் கவரைப் பிரித்து உள்ளே இருக்கும் ஐபி முகவரியைப் பார்த்து வழி முடிவு செய்யும். இரண்டும் வேறு வேறு அடுக்கு.

இந்த இடத்தில் சிலர் உடனே சொல்வது: "அப்படின்னா பிரிட்ஜில் வடிகட்டுவதே தப்பு, அடுக்கை மீறுகிற வேலை." நான் அந்தக் கட்சி இல்லை. பிரிட்ஜில் வடிகட்ட நியாயமான காரணங்கள் நிறைய உண்டு. ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கிற ஒரு நெட்வொர்க்கில் ரவுட்டருக்கும் ஸ்விட்சுக்கும் நடுவில் இரண்டு கார்டு போட்ட ஒரு பெட்டியைச் செருகினால் போதும், யாருடைய ஐபி முகவரியையும் மாற்றாமல் ஃபயர்வால் கிடைத்துவிடும். அந்தப் பெட்டிக்கு அங்கே சொந்தமாக ஒரு ஐபி முகவரிகூடத் தேவையில்லை. ஒரே சர்வரில் பல வாடிக்கையாளர்களின் விர்ச்சுவல் மெஷின்கள் ஓடும்போது, ஒருவர் அடுத்தவரின் மேக் முகவரியைப் போட்டு ஏமாற்றாமல் தடுக்க வேறு இடமே இல்லை, பிரிட்ஜில்தான் தடுக்கணும். திருட்டு டிஹெச்சிபி சர்வர், ஏஆர்பி ஏமாற்று எல்லாமே அந்த அடுக்கின் வியாதிகள், மருந்தும் அங்கேதான். என் புகார் வேறு.

கொஞ்சம் வரலாறு. லினக்ஸ் பிரிட்ஜ் குறியீட்டை எழுதியவர் லெனர்ட் பாய்டென்ஹெக். பிரிட்ஜில் வடிகட்டுவதற்கு இரண்டு வழிகள் பிறந்தன, இரண்டிலும் பார்ட் டி ஷாய்மரின் பெயர் வரும். ஒன்று ஈபிடேபிள்ஸ்: ஈதர்நெட் ஃப்ரேமைப் பார்த்து, மேக் முகவரி, நெறிமுறை வகை, விலான் எண் என்று அந்த அடுக்கின் மொழியிலேயே விதி எழுதுகிற கருவி. இன்னொன்று பிரிட்ஜ்-என்எஃப்: பிரிட்ஜ் வழியாகப் போகும் ஐபி பாக்கெட்டுகளை வழியில் மறித்து, ஐபிடேபிள்ஸின் சங்கிலிகளுக்குள் ஒரு சுற்று அனுப்பிவிட்டு, மறுபடி பிரிட்ஜின் பாதையில் விட்டுவிடுகிற ஏற்பாடு. 2.4 காலத்தில் தனி ஒட்டுகளாகச் சுற்றிக்கொண்டிருந்த இரண்டும், 2003 டிசம்பரில் 2.6 கெர்னல் வந்தபோது உள்ளேயே இருந்தன.

இரண்டாவது வழி ஏன் எல்லோருக்கும் பிடித்தது என்று புரிந்துகொள்வது கஷ்டம் இல்லை. ஈபிடேபிள்ஸுக்கு இணைப்பு நிலையைப் பின்தொடரத் தெரியாது. உள்ளிருந்து கிளம்பிய இணைப்புக்கு வரும் பதிலை மட்டும் விடு, மற்றதைத் தடு என்ற ஃபயர்வாலின் அரிச்சுவடி விதியை அதில் எழுதவே முடியாது. ஐபிடேபிள்ஸில் அது ஒரு வரி. அது போக ஈபிடேபிள்ஸுக்கென்று சில குணங்கள் உண்டு. அதன் புரூட்டிங் சங்கிலியில் 'டிராப்' என்று எழுதினால் பாக்கெட் தூக்கி எறியப்படாது. "பிரிட்ஜ் செய்யாதே, மேலே ரவுட்டிங்குக்கு அனுப்பு" என்று அர்த்தம். முதல் தடவை இதைப் படித்தபோது அச்சுப்பிழை என்றே நினைத்தேன். அப்படிப்பட்ட கருவிக்குப் பக்கத்தில், எல்லோருக்கும் பழகிய ஐபிடேபிள்ஸையே பிரிட்ஜிலும் வைத்துக்கொள்ளலாம் என்றால் யார் வேண்டாம் என்பார்கள்?

ஆனால் அந்த வசதிக்காக உள்ளே நடக்கிற நாடகத்தைப் பார்க்கணும். ஐபிடேபிள்ஸ் பாக்கெட்டை ஐபி அடுக்கில் எதிர்பார்க்கிறது. அங்கே வருகிற ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் ஒரு ரவுட் முடிவாகியிருக்கும் என்று மற்ற குறியீடுகள் நம்புகின்றன. பிரிட்ஜில் ரவுட்டே கிடையாதே? அதனால் பிஆர்-நெட்ஃபில்டர் ஒரு போலி ரவுட்டைச் செய்து பாக்கெட்டோடு ஒட்டி அனுப்புகிறது. இணைப்புப் பின்தொடர்தல் ஓடும்போது துண்டுதுண்டாக வந்த பாக்கெட்டுகளை அது ஒன்றாகச் சேர்த்துவிடும். வெளியே போகும்போது மறுபடி துண்டு போட வேண்டும். ஸ்விட்ச் ஐபி பாக்கெட்டைத் துண்டு போட்டு யாராவது பார்த்திருக்கீங்களா? இங்கே பிரிட்ஜ் அதைச் செய்கிறது. ஹோஸ்ட்டின் முகவரி மாற்று விதிகளும் அந்தச் சுற்றில் அடக்கம். அதனால் ஹோஸ்ட்டுக்காக எழுதிய மாஸ்கரேட் விதி ஒன்று கொஞ்சம் தளர்வாக இருந்தால், பிரிட்ஜில் சும்மா கடந்துபோகிற வேறொருவரின் பாக்கெட்டில் அனுப்புநர் முகவரியே மாறிவிடும்.

இணைப்புப் பட்டியலும் அப்படித்தான். விருந்தாளி மெஷின்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் ஒவ்வொரு இணைப்பும் ஹோஸ்ட்டின் பட்டியலில் ஒரு இடத்தைப் பிடிக்கும். பட்டியல் நிறைந்தால் கெர்னல் பாக்கெட்டுகளைக் கீழே போட ஆரம்பிக்கும். அதில் ஹோஸ்ட்டின் சொந்த இணைப்புகளும் மாட்டும். ஒரே ஹோஸ்ட்டில் இரண்டு பிரிட்ஜ்கள், இரண்டு வாடிக்கையாளர்கள், இருவரும் தங்கள் தனி நெட்வொர்க்கில் ஒரே 10.0.0.5 வைத்திருக்கிறார்கள் என்றால், தனி மண்டலம் பிரித்து வைக்காத வரை பின்தொடர்தல் பட்டியலுக்கு அவர்கள் இருவரும் ஒருவரே. பிரிட்ஜ் அடுக்கில் அவர்கள் ஒருநாளும் சந்தித்திருக்க மாட்டார்கள்.

சரி, இவ்வளவும் தெரிந்தே ஒருத்தர் இதைத் தேர்ந்தெடுத்தால் எனக்கு ஆட்சேபம் இல்லை. பிரச்சினையே தேர்ந்தெடுப்பது யார் என்பதில்தான்.

இந்தச் சுற்றுவழியை ஆன் செய்யவும் ஆஃப் செய்யவும் ஒரு சிஸ்சிடிஎல் குமிழ் உண்டு: பிரிட்ஜ்-என்எஃப்-கால்-ஐபிடேபிள்ஸ். இயல்பு மதிப்பு 1, அதாவது ஆன். பிரிட்ஜை ஸ்விட்ச் மாதிரி மட்டும் பயன்படுத்தும் பெரும்பான்மையினர் இதை ஆஃப் செய்ய வேண்டும். 2010-இல் வந்த ரெட் ஹாட் 6 அதைத் தானே செய்துகொடுக்கப் பார்த்தது. அதன் சிஸ்சிடிஎல் அமைப்புக் கோப்பில் இந்தக் குமிழையும் அதன் கூடப்பிறந்தவைகளையும் 0 என்று எழுதியே அனுப்பினார்கள். நல்ல எண்ணம்தான். ஆனால் மெஷின் பூட் ஆகும்போது அந்தக் கோப்பு படிக்கப்படும் நேரத்தில் பிரிட்ஜ் மாட்யூல் ஏறியிருக்காது. ஏறாவிட்டால் குமிழே இருக்காது. "அப்படி ஒரு சாவி தெரியாது" என்று ஒரு பிழைச் செய்தி திரையில் ஓடி மறையும். பிறகு யாரோ பிரிட்ஜை உருவாக்குவார்கள், மாட்யூல் ஏறும், குமிழ் பிறக்கும், பிறக்கும்போதே 1 என்று பிறக்கும். கோப்பில் 0, கெர்னலில் 1. கோப்பைப் பார்த்து நம்பியவர் ஏமாந்தார்.

இது ஏதோ பழங்காலத்துக் கதை என்று நினைக்க வேண்டாம். சிஸ்டம்டியின் சிஸ்சிடிஎல் அமைப்பு பற்றிய கையேட்டைத் திறந்து, ஒரு மாட்யூல் ஏறினால்தான் இருக்கிற குமிழை எப்படி அமைப்பது என்ற பகுதியைப் பாருங்கள். அங்கே எடுத்துக்காட்டாக வந்திருப்பது இதே பிரிட்ஜ் குமிழ்கள்தான். ஒரு வழி, மாட்யூலை முன்கூட்டியே கட்டாயமாக ஏற்றிவிடுவது. இன்னொரு வழி, மாட்யூல் ஏறும் கணத்தில் யூடெவ் விதி ஒன்றைத் தூண்டி மதிப்பைத் திருத்துவது. முதல் வழியின் வேடிக்கையைக் கவனியுங்கள்: வேண்டாத ஒன்றை ஆஃப் செய்வதற்காக அதை முதலில் ஏற்ற வேண்டும்.

கெர்னல்காரர்களுக்கும் இது உறுத்தியிருக்கிறது. 2014 டிசம்பரில் வந்த 3.18-இல் பாப்லோ நெய்ரா அயூசோ இந்தப் பகுதியைப் பிரிட்ஜிலிருந்து வெட்டி, பிஆர்-நெட்ஃபில்டர் என்ற தனி மாட்யூலாக ஆக்கினார். அதற்கு முன்பு வரை, தேவையில்லாதவர்களும் இந்தக் கொக்கிகளின் வேகச் செலவைச் சுமந்துகொண்டிருந்தார்கள். பிரித்ததோடு, இனி இது தானாக வராது, வேண்டுமென்றால் உங்கள் ஸ்கிரிப்டில் நீங்களே மாட்யூலை ஏற்றிக்கொள்ளுங்கள் என்ற பொருளில் கெர்னல் பதிவில் ஒரு செய்தியும் வர ஆரம்பித்தது. பழைய நடத்தையை உடைக்கக்கூடாது என்பதில் அவ்வளவு பிடிவாதமான கெர்னல் சமூகம், இங்கே உடைக்கத் துணிந்தது என்றாலே விஷயத்தின் கனம் தெரியும்.

நல்ல திருத்தம். ஆனால் பாதித் திருத்தம். முன்பு கேள்வி "இந்தக் குமிழ் 1-ஆ 0-வா" என்று இருந்தது. இப்போது "இந்த மாட்யூலை யாராவது ஏற்றினார்களா" என்று ஆனது. குமிழின் இயல்பு மதிப்பு இன்னும் 1-தான். மாட்யூலை ஏற்றுகிறவர் வேறு யாராகவும் இருக்கலாம். ஐபிடேபிள்ஸில் ஃபிஸ்டெவ் என்ற பொருத்தத்தை வைத்து ஒரே ஒரு விதி சேர்த்தாலும், கெர்னலே இந்த மாட்யூலைக் கூப்பிட்டு ஏற்றிவிடும். ஏதோ ஒரு பிரிட்ஜுக்காக ஒருவர் எழுதிய அந்த ஒரு விதியால், அதே ஹோஸ்ட்டில் இருக்கும் மற்ற பிரிட்ஜ்களின் போக்குவரத்தும் ஐபிடேபிள்ஸுக்குள் நுழைந்துவிடும். ஒவ்வொரு பிரிட்ஜுக்கும் தனியாக ஒரு குமிழும் சிஸ்எஃப்எஸ்ஸில் உண்டு. பொதுக் குமிழை 0 ஆக்கிவிட்டு வேண்டிய பிரிட்ஜில் மட்டும் 1 வைக்கலாம். இரண்டில் எது 1 என்றாலும் வடிகட்டல் நடக்கும் என்பதால், பொதுக் குமிழை முதலில் அணைக்காமல் அதைத் தொட்டுப் பிரயோஜனம் இல்லை. அப்படி ஒன்று இருப்பது தெரிந்தவர்களை நான் ரொம்பக் கொஞ்சமாகத்தான் பார்த்திருக்கிறேன். குமிழ்களை ஒவ்வொரு நெட்வொர்க் நேம்ஸ்பேஸுக்கும் தனித்தனியாகப் பிரித்தது 2019-இல், 5.3 கெர்னலில்தான்.

இதன் விளைவு எப்படி இருக்கும் என்பதற்கு எல்லோருக்கும் தெரிந்த ஒரு காட்சி. ஒரு சர்வரில் கேவிஎம் ஓடுகிறது. விருந்தாளி மெஷின்கள் எல்லாம் ஒரு பிரிட்ஜ் வழியாக நேரே ஆபீஸ் நெட்வொர்க்கில் இருக்கின்றன. மாதக்கணக்கில் ஒழுங்காக ஓடுகிறது. ஒருநாள் அதே சர்வரில் டாக்கர் நிறுவப்படுகிறது. டாக்கர் 2017 ஜனவரியில் வெளிவந்த 1.13 பதிப்பிலிருந்து ஃபார்வர்ட் சங்கிலியின் கொள்கையை 'டிராப்' என்று மாற்றத் தொடங்கியது. அது தன்னளவில் சரியான முடிவு. கன்டெய்னர்கள் வெளியாருக்குத் திறந்து கிடக்கக்கூடாது என்பதற்காக எடுத்தது. அதோடு பிஆர்-நெட்ஃபில்டரும் ஏறியிருந்தால்? கன்டெய்னரோடு எந்தச் சம்பந்தமும் இல்லாத விருந்தாளி மெஷின்களின் போக்குவரத்து முழுக்க அந்த 'டிராப்'பில் போய் விழுகிறது.

இந்தக் கோளாறின் அறிகுறிகள்தான் மனிதரைச் சுற்றவிடும். ஏஆர்பி வேலை செய்யும், பக்கத்து மெஷினின் மேக் முகவரி பட்டியலில் அழகாக வந்து நிற்கும். ஏன்னா ஏஆர்பி போவது ஏஆர்பிடேபிள்ஸ் பக்கம். அங்கே எல்லாம் திறந்திருக்கிறது. ஹோஸ்ட்டிலிருந்து விருந்தாளிக்கு பிங் போகும், ஏன்னா அது ஃபார்வர்ட் சங்கிலியைத் தொடுவதில்லை. விருந்தாளியிலிருந்து வெளியே மட்டும் ஒன்றுமே போகாது. டிஹெச்சிபிகூடக் கிடைக்காது. கம்பி சரி, ஸ்விட்ச் சரி, பிரிட்ஜ் சரி, விருந்தாளிக்குள் ஃபயர்வால் இல்லை. டிசிபிடம்ப் போட்டால் விருந்தாளியின் கம்பியில் பாக்கெட் உள்ளே வருவது தெரியும், வெளிக் கார்டில் வெளியே போவது தெரியாது. நடுவில் இருப்பது பிரிட்ஜ் மட்டும். பிரிட்ஜுக்குத்தான் ஐபி தெரியாதே என்று பாடப்புத்தகம் படித்த யாரும் ஐபிடேபிள்ஸ் பக்கம் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். நெட்வொர்க்கிங்கைச் சரியாகப் படித்தவர்களைத்தான் இந்த வடிவமைப்பு அதிகமாகத் தண்டிக்கிறது.

ஃபார்வர்ட் சங்கிலியில் ஒரு லாக் விதி போட்டால் உண்மை வெளியே வரும். உள்ளே வந்தது, வெளியே போவது இரண்டுக்கும் ஒரே பிரிட்ஜின் பெயரைப் போட்டு ஒரு வரி பதிவாகும், கூடவே அசல் போர்ட்டுகளின் பெயரும் இருக்கும். உள்ளேயும் வெளியேயும் ஒரே பெயர் இருந்தால், பெரும்பாலும் நீங்கள் இந்த வலையில்தான் இருக்கீங்க.

இது ஒரு பக்கம்: வேண்டாதவர்களைப் பிடிக்கிறது. மறுபக்கம் இன்னும் மோசம், ஏன்னா அங்கே சத்தமே வராது. இதைப் பாதுகாப்புக்காக நம்புகிறவர்களை இது கைவிடுகிறது.

நடுவில் செருகிய பிரிட்ஜ் பெட்டியில் ஒருவர் ஐபிடேபிள்ஸ் விதிகளை எல்லாம் கவனமாக எழுதி, சோதித்து, திருப்தியாக வைத்திருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அந்தக் கம்பியில் விலான் குறி ஒட்டிய ஃப்ரேம்கள் வந்தால்? அவற்றை ஐபிடேபிள்ஸுக்கு அனுப்பலாமா என்பதற்குத் தனியாக ஒரு குமிழ் உண்டு. அதன் இயல்பு மதிப்பு 0. விலான் குறி ஒட்டிய ஐபி பாக்கெட் அத்தனை விதிகளையும் தொடாமல் அப்படியே கடந்துபோகும். பிபிபிஓஈ உறைக்குள் இருக்கும் பாக்கெட்டுக்கும் அதே கதை, அதற்கும் ஒரு குமிழ், அதுவும் 0. ஐபிவி6-க்கு வேறு விதிப் பட்டியல்; ஐபிவி4-க்கு எழுதியது அங்கே செல்லாது. வேறு நெறிமுறைகள் எதையும் இந்த ஏற்பாடு பார்ப்பதே இல்லை. ஆக, சாதாரண ஐபிவி4-ஐப் பிடிக்கும் குமிழ் கேட்காமலே ஆன், விலானைப் பிடிக்கும் குமிழ் கேட்டால்தான் ஆன். கேட்காதவர்களைப் பிடித்து, கேட்டவர்களுக்குப் பின்கதவைத் திறந்து வைக்கிற இயல்பு மதிப்புகள் இவை. ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே காரணம் இருந்திருக்கும். சேர்த்துப் பார்க்கும்போது ஒரு தர்க்கமும் இல்லை.

ஒப்பிட ஒரு உதாரணம் ஃப்ரீபிஎஸ்டி. அங்கேயும் பிரிட்ஜில் ஃபயர்வால் ஓட்டலாம், அங்கேயும் சிஸ்சிடிஎல் குமிழ்கள்தான். ஆனால் கேள்விகள் பிரித்துக் கேட்கப்படுகின்றன: உறுப்புப் போர்ட்டுகளில் வடிகட்டணுமா, பிரிட்ஜ் இடைமுகத்தில் வடிகட்டணுமா என்று இரண்டு குமிழ். வெளிப்படையாக ஒரு வடிகட்டும் பிரிட்ஜ் அமைக்கிறவர்கள் முதலாவதை 0, இரண்டாவதை 1 என்று வைப்பது வழக்கம். ஓபிஎன்சென்ஸின் கையேடும் அப்படித்தான் சொல்லும். மூன்றாவது குமிழ்தான் எனக்குப் பிடித்தது: ஃபயர்வாலுக்குப் புரியாத, ஐபி அல்லாத ஃப்ரேம்களை என்ன செய்வது? அதை 1 என்று வைத்தால், ஏஆர்பி மாதிரி அவசியமானவை தவிர மற்றது எதுவும் கடக்காது. "எனக்குப் புரியாததை என்ன செய்யட்டும்?" என்று நேராகக் கேட்கிறது. லினக்ஸின் பழைய ஏற்பாட்டில் அந்தக் கேள்வியே இல்லை. புரியாதது போகட்டும் என்பது சொல்லாமல் எடுத்த முடிவு. ஃப்ரீபிஎஸ்டியின் குமிழ்களும் மெஷின் முழுவதுக்கும் பொதுவானவைதான், அந்தக் குறை அங்கேயும் உண்டு.

நெட்ஃபில்டர் படித்த எல்லோரும் யான் எங்கெல்ஹார்ட் வரைந்த அந்தப் பெரிய பாக்கெட் ஓட்டப் படத்தைப் பார்த்திருப்பார்கள். விக்கிப்பீடியாவிலும் இருக்கிறது. நானும் அச்செடுத்துச் சுவரில் ஒட்டி வைத்திருந்தேன். அருமையான வேலை. அதன் கீழ் வரிசையில் பிரிட்ஜ் அடுக்கின் பெட்டிகளுக்கு நடுவே, மேல் அடுக்கின் நிறத்தில் ஐபிடேபிள்ஸ் பெட்டிகள் செருகப்பட்டிருக்கும். முதல்முறை பார்க்கிறவர்கள் இதைப் பார்த்து, பிரிட்ஜில் பாக்கெட் எப்போதுமே இப்படித்தான் போகும் என்று எடுத்துக்கொள்கிறார்கள். படத்தில் தப்பு இல்லை. ஆனால் அந்தப் பெட்டிகள் ஒரு மாட்யூல் ஏறினால் மட்டும் உயிர் பெறுபவை என்பதை ஒரு நிலையான படத்தால் எப்படிக் காட்ட முடியும்? படத்தின் குறை உண்மையில் அது வரைந்து காட்டும் பொருளின் குறை. ஒரே கேள்விக்கு இரண்டு பாதைகள். எது செயலில் இருக்கிறது என்பது இன்னொரு கோப்பில்.

இனி எதிர்த்தரப்பு. இதைச் சொல்லாமல் போனால் விமர்சனம் நேர்மையாக இருக்காது. பிஆர்-நெட்ஃபில்டருக்கு ஒரு வலுவான நியாயம் உண்டு, அதைக் கொண்டுவந்தது குபெர்னெட்டிஸ்.

ஒரே நோடில், ஒரே பிரிட்ஜில் இரண்டு பாட்கள்: 10.244.1.5, 10.244.1.9. இரண்டாவது பாட் ஒரு சேவையை நடத்துகிறது, அந்தச் சேவையின் முகவரி 10.96.0.10. முதல் பாட் அந்தச் சேவைக்குப் பேசுகிறது. 10.96.0.10 தன் நெட்வொர்க்கில் இல்லாததால் பாக்கெட்டை வாசலுக்கு, அதாவது ஹோஸ்ட்டின் பிரிட்ஜ் முகவரிக்கு அனுப்புகிறது. அது மேலே ஐபி அடுக்குக்குப் போகிறது. ஐபிடேபிள்ஸ் பெறுநர் முகவரியை 10.244.1.9 என்று மாற்றி, அதே பிரிட்ஜ் வழியாகக் கீழே அனுப்புகிறது. இதுவரை சுகம். இப்போது பதில். இரண்டாவது பாட் பார்க்கிறது: கேட்டது 10.244.1.5, அது என் பக்கத்து வீட்டுக்காரர்தானே, நேராகவே கொடுத்துவிடலாம். பதில் பிரிட்ஜில் நேரே போகிறது, ஐபி அடுக்குக்கு ஏறுவதே இல்லை. ஏறாததால், மாற்றிய முகவரியைத் திருப்பி மாற்ற ஆள் இல்லை. முதல் பாட் 10.96.0.10-இடம் கேட்டது, பதில் 10.244.1.9-இடமிருந்து வருகிறது. யாரோ தெரியாதவர் என்று இணைப்பை முறித்துவிடுகிறது.

பிஆர்-நெட்ஃபில்டர் ஆன் என்றால், பிரிட்ஜில் போகும் அந்தப் பதிலும் இணைப்புப் பட்டியலைத் தொட்டுப் போகும், முகவரி திரும்ப மாறும், எல்லாம் சரி. அதனால்தான் குபேஅட்மின் பல ஆண்டுகள் நிறுவலுக்கு முன்பே இந்தக் குமிழ் 1-ஆ என்று சோதித்து, இல்லை என்றால் நின்றுவிடும். கேவிஎம் உலகம் 0 என்கிறது, குபெர்னெட்டிஸ் உலகம் 1 என்கிறது. இரண்டும் ஒரே குமிழைப் பற்றி, இரண்டும் சரியான காரணத்துக்காக.

ஆனால் இந்த நியாயத்தைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்த்தால், அது வடிகட்டலுக்கான நியாயமே இல்லை என்பது தெரியும். குபெர்னெட்டிஸுக்கு வேண்டியது முகவரி மாற்றத்தின் திரும்பும் பாதை. அதற்காக வடிகட்டி, துண்டு சேர்ப்பு, போலி ரவுட் என்று முழு மூட்டையும் கூட வருகிறது. அந்தத் தேவையும் பிரிட்ஜைத் தேர்ந்தெடுத்ததால் வந்தது. காலிகோ பிரிட்ஜே வைப்பதில்லை. ஒவ்வொரு பாட்டுக்கும் ஒரு ரவுட், எல்லாமே ஐபி அடுக்கு வழியாகப் போகும், இந்தச் சிக்கலே எழாது. சீலியம் சாக்கெட்டிலேயே, பாக்கெட் பிறக்கும் முன்பே, முகவரியை மாற்றிவிடும். இந்த இரண்டு வழியும் இருக்கும்போது, பிரிட்ஜைப் பாதி ரவுட்டராக்கும் வேஷத்தைப் பொது ஏற்பாடாக வைத்திருப்பதற்கு எனக்கு சமாதானம் ஆகவில்லை.

வடிகட்டலுக்கு நல்ல மாற்று வந்துவிட்டது. 2014 ஜனவரியில் 3.13 கெர்னலோடு வந்த என்எஃப்டேபிள்ஸில் பிரிட்ஜ் என்றே ஒரு குடும்பம் உண்டு. அதில் ஒரே விதியில் மேக் முகவரியையும் விலான் எண்ணையும் உள்ளே இருக்கும் ஐபி முகவரியையும் போர்ட் எண்ணையும் சேர்த்துப் பார்க்கலாம். எனக்கு முக்கியமாகப் படுவது வேறு: விதி எழுதும்போதே அது பிரிட்ஜுக்கானது என்று பட்டியலின் தலைப்பிலேயே எழுத வேண்டும். வேறு யாரும் வேறு காரணத்துக்காக எழுதிய ஐபி விதி அங்கே தவறிப்போய் வந்து விழாது. விதிப் பட்டியலைப் படித்தால் நடத்தை தெரிந்துவிடும். நான் முதலில் கேட்டது இவ்வளவுதான்.

ஆரம்பத்தில் அதற்கும் ஈபிடேபிள்ஸின் ஊனம் இருந்தது, இணைப்பு நிலை தெரியாது. 2019 செப்டம்பரில் 5.3 கெர்னலில் அதே பாப்லோ பிரிட்ஜுக்கென்று சொந்தமான இணைப்புப் பின்தொடர்தலைச் சேர்த்தார். அந்த நாளோடு, வடிகட்டுவதற்காக பிஆர்-நெட்ஃபில்டரை வைத்துக்கொள்ளும் கடைசிக் காரணமும் போய்விட்டது. முகவரி மாற்றம் மட்டும் பிரிட்ஜ் குடும்பத்தில் கிடையாது. மாற்றுச் சங்கிலிகள் ஐபி குடும்பங்களுக்கே. அது விட்டுப்போனது என்று நான் நினைக்கவில்லை. முகவரி மாற்றம் பிரிட்ஜின் வேலை இல்லை, அதை மேலேயே செய்துகொள்வதுதான் சரி.

அப்படியும் இன்று தேடினால் கிடைக்கிற பெரும்பாலான குறிப்புகள் பழைய குமிழை 1 ஆக்கச் சொல்கின்றன அல்லது 0 ஆக்கச் சொல்கின்றன, காரணம் சொல்வதில்லை. ஒட்டி ஓட்டிவிட்டுப் போகிறோம். உங்கள் மெஷினில் நிலைமை என்ன என்று பார்க்க ஒரு நிமிடம் போதும். ஏறியிருக்கும் மாட்யூல்களின் பட்டியலில் பிஆர்-நெட்ஃபில்டர் இருக்கிறதா பாருங்கள். இருந்தால், பொதுக் குமிழ் என்ன சொல்கிறது, ஒவ்வொரு பிரிட்ஜின் தனிக் குமிழ் என்ன சொல்கிறது, ஃபார்வர்ட் சங்கிலியின் கொள்கை என்ன, மூன்றையும் சேர்த்துப் பாருங்கள். யார் ஏற்றியது என்று கண்டுபிடிக்காமல் இறக்கிவிட வேண்டாம். அதை நம்பி ஒரு பாட் எங்கேயாவது பக்கத்து வீட்டுப் பதிலுக்குக் காத்துக்கொண்டிருக்கலாம்.

என் சோதனை மெஷினில் இப்போது பிரிட்ஜ் குடும்பத்தில் ஒரு பட்டியல், நாலு விதி: ஏஆர்பி போகலாம், நிலைபெற்ற இணைப்பு போகலாம், உள்ளிருந்து கிளம்பும் புது இணைப்பு போகலாம், விலான் குறி ஒட்டியது எதுவும் வேண்டாம். அடிப்படைக் கொள்கை 'டிராப்'. பிஆர்-நெட்ஃபில்டர் தெரியாமல் ஏறிவிடாதபடி வைத்திருக்கிறேன். பிங் போகுது.